மலிவான தேசம்

ஞாயிற்றுக்கிழமை காலை. பரீட்சைத் தாள் கட்டை அவிழ்க்கலாமா, இன்னும் ஒரு தம்ளர் காப்பி குடித்துவிட்டு அவிழ்க்கலாமா என்று நாம் யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில், நண்பர் சரித்திர உபாத்தியாயர் வந்து சேர்ந்தார். கையில் நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று இருந்தது. பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டைக்கூட அவர் அவ்வளவு பத்திரமாகப் பிடித்து நாம் பார்த்ததில்லை.

"நீங்கள் கணக்கு வாத்தியார். இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்று அதை நம் மடியில் வைத்தார்.

பிரித்துப் பார்த்தோம். பக்கத்துக்கு ஒரு தேசமாக எழுதியிருந்தது. தாய்லாந்து, மலேசியா, போர்ச்சுகல், ஜியார்ஜியா, பூட்டான், நேபாளம் என்று தலைப்புகள். ஒவ்வொன்றின் கீழும் வீட்டு வாடகை, அரிசி, பால், காய்கறி, மின்சாரம், பஸ் சத்தம் எல்லாம் அந்தந்த நாட்டு நாணயத்தில் ஒரு பத்தியாகவும், நம் ரூபாயில் ஒரு பத்தியாகவும் கோடு போட்டு எழுதியிருந்தார். முப்பத்து நான்கு வருஷம் பிள்ளைகளுக்கு மார்க்குப் போட்ட கை அல்லவா? ஓர் அடித்தல் திருத்தல் இல்லை.

விஷயம் இதுதான். வருகிற மே மாதத்தோடு நண்பர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறுகிறார். உபகாரச் சம்பளமாக மாதம் ஐம்பத்திரண்டாயிரம் ரூபாய் வரும் என்று கணக்கு. (நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2003 ஏப்ரலுக்குப் பிறகு சர்க்கார் உத்தியோகத்தில் சேர்ந்தவர்களைப் பங்களிப்புத் திட்டத்தில் சேர்த்தார்கள். அந்தக் கதை வேறொரு வாரத்துக்கு இருக்கட்டும்.) ஒரே பெண்; கலியாணமாகிப் புனாவில் இருக்கிறாள். தகப்பனார் காலத்து ஓட்டு வீடு ஒன்று உண்டு. அதை விற்றுவிட்டுச் செலவு குறைந்த வெளிநாடு ஒன்றில் போய்க் குடியிருந்தால் என்ன என்பது நண்பரின் யோசனை. வீட்டுக்கு ஆள் வந்து விலை பேசிவிட்டுப் போயிருக்கிறான். முன்பணம் வாங்குவதுதான் பாக்கி.

"இந்த வயதில் எதற்கு ஸார் இந்த எண்ணம்?" என்று கேட்டோம்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு சொன்னார்: "ராஜேந்திர சோழன் கடாரம் கொண்ட பாடத்தை முப்பத்து நான்கு தடவை நடத்தியிருக்கிறேன். படத்தில் கடாரம் எங்கே இருக்கிறதென்று கோலால் தொட்டுக் காட்டுவேன். நான் பார்த்த சமுத்திரம் வேதாரண்யம் வரையில்தான்."

இதற்குப் பிறகு சிரிப்பதற்கு நமக்கு மனம் வரவில்லை. காப்பி வந்தது. நோட்டை மறுபடியும் முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினோம்.

சொந்த ஊரில் கட்டுப்படியாகாதவர்கள் மலிவான அயலூருக்குப் போவது புதிதன்று. லண்டன் நாகரிகத்துக்கே இலக்கணம் வகுத்த பிரம்மல் என்ற சீமான், கடன்காரர்களுக்குப் பயந்து 1816-ல் கடலைத் தாண்டிப் பிரான்ஸிலுள்ள கலே பட்டணத்துக்கு ஓடிப் போனார். அங்கேயும் பழைய தோரணையிலேயே வாழ்ந்து மறுபடி கடன்பட்டு, 1835-ல் கான் என்ற ஊரில் சிறை புகுந்தார். மலிவு அவரைக் காப்பாற்றவில்லை. நூறு வருஷத்துக்குப் பிறகு அமெரிக்கர்களின் முறை வந்தது. 1914-ஆம் வருஷத்து யுத்தத்துக்கு முன்னால் டாலருக்கு ஐந்து பிராங்கு கிடைக்கும். பிராங்கு விழுந்து விழுந்து, 1926 ஜூலையில் டாலருக்கு ஐம்பதை நெருங்கிற்று. சொந்த ஊரில் சாமானியராயிருந்த அமெரிக்கர் பாரிஸில் பிரபுவாக வாழ முடிந்தது. பாரிஸ்காரருக்கோ ரொட்டி வாங்கவும் சம்பளம் போதவில்லை. அந்த மாதத்தில் அமெரிக்கர்கள் ஊர் சுற்றிப் பார்த்த பஸ்களைச் சூழ்ந்துகொண்டு ஜனங்கள் கூச்சலிட்டார்கள்.

இதை நாம் சொன்னபோது நண்பர், "சரித்திரம் என்னுடைய பாடம், நீங்கள் கணக்குக்கு வாருங்கள்" என்றார். நியாயம்தான். வந்தோம்.

நோட்டில் முதல் இடம் தாய்லாந்துக்கு. நண்பர் சயாம் என்றுதான் சொல்லுவார். வடக்கே மலையடிவாரத்தில் உள்ள சியாங் மாய் நகரம் அவர் மனத்தைக் கவர்ந்திருக்கிறது. மாசி, பங்குனியில் சுற்றுப்புறத்து வயல்களிலும் காடுகளிலும் தீ வைப்பதால் ஊரே புகை மண்டிக் கிடக்கும் என்பதை நாம் சொன்னோம். "அந்த இரண்டு மாதம் புனாவுக்குப் போய்விடுவோம்" என்று அதற்கும் பதில் வைத்திருந்தார். வாடகையும் சாப்பாடும் கூட்டிப் பார்த்தால், ஐம்பத்திரண்டாயிரத்துக்குள் இரண்டு பேர் சிக்கனமாக இருக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். நண்பரின் கூட்டலில் பிழையில்லை. ஆனால் அரிசியின் விலையும் பாலின் விலையும் வீட்டுக்குள் நுழைந்த பிறகு வருகிற செலவுகள். வாசற்படிக்கு ஒரு விலை இருக்கிறது. அது நோட்டில் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்தது.

ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர் ஓய்வுக் காலத்தைக் கழிப்பதற்கென்று தாய்லாந்தில் தங்க வேண்டுமானால், 8,00,000 பாட் பாங்கியில் போட்டு வைக்க வேண்டும். அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். முதல் தொகை நம் பணத்தில் ஏறத்தாழ இருபது லட்சம். இரண்டாவது ஒன்றரை லட்சத்துக்கு மேல். போட்ட பணத்தை இஷ்டப்படி எடுக்கவும் முடியாது. வருஷத்தில் சில மாதங்கள் முழுத்தொகையும், மற்ற மாதங்களில் பாதியாவதும் அசையாமல் கிடக்க வேண்டும். தொண்ணூறு நாளைக்கு ஒரு முறை, இன்ன விலாசத்தில் இருக்கிறேன் என்று தெரியப்படுத்த வேண்டும். கூலி வாங்கிக்கொண்டு எந்த வேலையும் செய்யக் கூடாது. நண்பர் அங்கே நாலு பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக் கொடுக்கலாமென்று எண்ணியிருந்தார். அதுவும் போயிற்று.

வைத்தியத்தைப் பற்றி நோட்டில் "மலிவு, உயர்தரம்" என்று எழுதிக் கீழே கோடு போட்டிருந்தது. தாய்லாந்து சர்க்கார் தன் ஜனங்களுக்கு 2002-ல் முப்பது பாட்டுக்கு வைத்தியம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. உலகமெங்கும் அதைப் புகழ்ந்தார்கள். ஆனால் அது அத்தேசத்துப் பிரஜைகளுக்கு. ஓய்வு வாசத்துக்கு வந்த அன்னியர் தம் பையிலிருந்து கொடுத்தாக வேண்டும். அல்லது இன்ஷ்யூரன்ஸ் வைத்துக்கொள்ள வேண்டும். அறுபது வயதுக்கு மேல் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகள் என்ன கேட்கும் என்பதை வயதானவர்கள் உள்ள வீட்டுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவையும் சமாளித்தாலும் இன்னொரு கணக்கு இருக்கிறது. நாம் கரும்பலகை இல்லாத குறைக்குக் காலண்டரின் பின்புறத்தில் எழுதிக் காட்டினோம். 2010-ல் ஒரு பாட் வாங்க நமக்கு ஏறக்குறைய ஒன்றரை ரூபாய் போதும். 2025-ல் இரண்டரை ரூபாய்க்கு மேல் ஆயிற்று. டாலரோ 2010-ல் நாற்பத்தைந்து ரூபாயளவில் இருந்தது. 2025 டிசம்பரில் தொண்ணூறைத் தாண்டிற்று. வெள்ளைக்காரர் தம் நாட்டுப் பென்ஷனோடு கீழ்த்திசைக்கு வந்து உட்காருகிறார் என்றால், அவர் பணம் ஏறுகிற பணம். நம் நண்பர் எடுத்துப் போவது பதினைந்து வருஷத்தில் டாலருக்கெதிரே பாதியாகிய பணம். இன்னும் இருபத்தைந்து வருஷம் நண்பர் சௌக்கியமாக இருக்க வேண்டுமென்பது நம் பிரார்த்தனை. அத்தனை வருஷத்துக்கும் ஐம்பத்திரண்டாயிரத்தை வைத்துச் சியாங் மாயில் கணக்கெழுத முடியாது. பஞ்சப்படி உயருமே என்றார். உண்மை, ஆனால் அது நம் ஊர்ச் சந்தையின் விலைவாசியைப் பார்த்து உயருமே தவிர, பாட்டின் விலையைப் பார்த்து உயராது.

கடாரத்துக்கு வருவோம். அது இன்றைக்கு மலேசியாவில் கெடா என்று வழங்குகிறது. அன்னியர் நெடுங்காலம் குடியிருக்க மலேசிய சர்க்கார் 2002 முதல் ஒரு திட்டம் நடத்திவந்தது. நடுத்தர வசதியுள்ளவர்கள் பலர் அதை நம்பிப் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் போய்க் குடியேறினார்கள். மாதம் 10,000 ரிங்கிட் வருமானம் காட்ட வேண்டும் என்றிருந்த நிபந்தனை 2021-ல் ஒரேயடியாக 40,000 ரிங்கிட்டாயிற்று; நம் பணத்தில் ஏழு லட்சம், அதுவும் மாதந்தோறும்! 2024-ல் அதையும் மாற்றி வெள்ளி, பொன், பிளாட்டினம் என்று படிகள் வகுத்தார்கள். வெள்ளிப் படிக்கே 1,50,000 டாலர் வைப்புப் பணமும், வீடு வாங்க வேண்டுமென்ற நிபந்தனையும் உண்டு. ராஜேந்திரன் கப்பற்படையோடு போனது எவ்வளவோ சிக்கனம். மலேசிய சர்க்காரை இதற்காகக் குறை சொல்ல நாம் தயாராயில்லை. வீடு அவர்களுடையது, பூட்டை மாற்ற அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் சொந்த வீட்டை விற்றுவிட்டுப் பிறர் வீட்டு வாசலுக்குப் போகிறவன், பூட்டு மாறக்கூடியது என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

ஜியார்ஜியாவைச் சீக்கிரமாகவே தள்ளினோம். பல தேசத்தார் அங்கே விஸா இல்லாமல் முழுதாக ஒரு வருஷம் இருக்கலாம். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. போதாக்குறைக்கு 2022-ல் யுத்தத்தின் காரணமாக ருஷ்யர்கள் திரளாக வந்திறங்கித் திபிலிசியில் வாடகையை எங்கோ கொண்டுபோய் விட்டார்கள். பூட்டானில் நம் ரூபாயும் அவர்கள் நாணயமும் சமம். நெஞ்சுக்கு இதமான செய்திதான். ஆனால் இந்தியரான யாத்திரிகர் தலைக்கு நாளொன்றுக்கு 1,200 ரூபாய் கட்டணம் செலுத்த வேண்டுமென்று 2022-ல் விதித்தார்கள். புருஷனும் மனைவியுமாக மாதம் 72,000. அரிசி வாங்குவதற்கு முன்னாலேயே உபகாரச் சம்பளம் தீர்ந்து மேலே இருபதாயிரம் கடன்.

போர்ச்சுகல் பக்கத்தில் நாம் சற்று நின்றோம். உழைக்காமல் வரும் வருமானம், அதாவது பென்ஷன், வாடகை முதலியவை, உள்ளவர்களுக்கு அத்தேசத்தில் ஒரு விஸா இருக்கிறது. 2025-ல் அதற்குக் கேட்ட வருமானம் மாதம் 870 யூரோ. மனைவிக்கு அதில் பாதி சேர்த்து 1,305. நம் பணத்தில் ஒன்றேகால் லட்சம். நண்பருக்கு எட்டாது என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்த 870 எங்கிருந்து வந்தது தெரியுமா? போர்ச்சுகலில் ஒரு தொழிலாளிக்கு அவ்வருஷம் சட்டப்படி கொடுக்க வேண்டியிருந்த ஆகக் குறைந்த சம்பளம் அது. நாள் முழுதும் ஹோட்டலில் பாத்திரம் கழுவி ஒருவன் எதைச் சம்பாதிக்கிறானோ, அதையே வெளியூர்க்காரர் ஒருவர் நாற்காலியில் சாய்ந்தபடி பெற்று, "அடடா, என்ன மலிவு!" என்கிறார். அவரைவிடப் பணக்காரர்கள் பின்னால் வந்து லிஸ்பனில் வீடுகளை வாங்கினார்கள். அந்நகரத்துப் பள்ளிக்கூட வாத்தியார்களுக்கு வாடகை கட்ட முடியாத நிலைமை வந்தது. 2023 ஏப்ரலில் ஜனங்கள் குடியிருக்க வீடு கேட்டு ஊர்வலம் போனார்கள். அவ்வருஷம் அக்டோபரில் வீடு வாங்கியவர்களுக்கு வாச உரிமை தரும் வழியை சர்க்கார் மூடிவிட்டது. மெக்ஸிகோ நகரத்திலும் அதே கதை. அமெரிக்கர்கள் மடியில் கம்ப்யூட்டரோடு வந்து குடியேறிய பேட்டைகளில் 2025 ஜூலை நாலாந்தேதி ஆர்ப்பாட்டம் நடந்து கடைக் கண்ணாடிகள் உடைந்தன. 1926-ன் பாரிஸை மறுபடி சொல்லலாமா என்று பார்த்தோம். நண்பர் முந்திக்கொண்டு, "தெரிகிறது, தெரிகிறது" என்றார்.

"அப்படியானால் மலிவான தேசமே கிடையாதா?"

உண்டு. 2022 மார்ச்சில் இலங்கையில் டாலருக்கு இருநூறு ரூபாயளவில் இருந்தது. மே மாதத்துக்குள் முந்நூற்று அறுபதாயிற்று. கையில் டாலர் வைத்திருந்தவனுக்கு அந்த வசந்த காலத்தில் கொழும்பைப்போல் மலிவான பட்டணம் கிடையாது. அதே கொழும்பில் மண்ணெண்ணெய்க்கும் சமையல் வாயுவுக்கும் ஜனங்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றார்கள். முதியவர்கள் சிலர் வரிசையிலேயே உயிர்விட்டார்கள். மலையகத்தில் கொழுந்து பறிக்கும் நம்மவர் வீடுகளில் ஒரு வேளை அடுப்பு எரிந்தது. தேசம் மலிவாகும் விதங்களில் இது ஒன்று. நண்பர் காலிக் காப்பித் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மிச்சம் நேபாளம். இந்தப் பக்கத்தை நாம் மிகுந்த நம்பிக்கையோடு புரட்டினோம். ஏனென்றால் வாசற்படிக்கு விலை இல்லாத ஒரே தேசம் இது. 1950 ஜூலையில் இரு நாடுகளும் செய்துகொண்ட உடன்படிக்கையின் ஏழாவது ஷரத்துப்படி, ஒருவர் நாட்டில் மற்றவர் வசிக்கவும் தொழில் செய்யவும் உரிமை உண்டு. விஸா இல்லை, வைப்புப் பணம் இல்லை, தொண்ணூறு நாள் ஆஜர் இல்லை. நாணயத் தொல்லையும் இல்லை. நம் நூறு ரூபாய்க்கு அவர்களுடைய நூற்று அறுபது என்று 1993 முதல் கட்டி வைத்திருக்கிறார்கள். கோரக்பூர் வரையில் ரயில். சோனௌலியில் எல்லையைத் தாண்டினால் பஸ்ஸிலேயே பொக்காரா போய்விடலாம். ஏரிக்கரையில் நின்றால் அன்னபூர்ணா தெரியும்.

"பிறகென்ன?" என்று நண்பர் எழுந்தே விட்டார்.

அச்சமயம் வாசலில் நம் தெருக் கூர்க்கா மாதக் காசுக்காக வந்து நின்றான். ஊர் பொக்காராவுக்கு மேற்கே ஏதோ மலைக் கிராமம். பதினோரு வருஷமாக இரவில் நம் தெருவில் விசில் ஊதி வருகிறான். தமிழ் நன்றாகப் பேசுவான். நண்பர் அவனை உட்காரச் சொல்லி நோட்டைப் பிரித்து, பொக்காராவில் அரிசி என்ன விலை, பருப்பு என்ன விலை என்று வரிசையாகக் கேட்டார். அவன் முதலில் பவ்வியமாகப் பதில் சொன்னான். பெட்ரோல், சமையல் வாயு, மருந்து, பலசரக்கில் பெரும்பகுதி எல்லாம் இங்கிருந்துதான் லாரியில் மலையேற வேண்டும். 2015-ல் எல்லையில் லாரிகள் மாதக்கணக்கில் நின்றபோது அவன் வீட்டில் விறகு வெட்டிச் சமைத்தார்களாம். "ஐயாவுக்கு எதற்கு இந்த விலை எல்லாம்?" என்று கடைசியில் கேட்டான். நண்பர் சொன்னார்.

கூர்க்கா கொஞ்ச நேரம் விழித்தான். "அங்கே பிழைக்க முடிந்தால் நான் ஏன் ஸார் இங்கே வருகிறேன்?" என்றான்.

அவனுக்கு நாம் நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தோம். எதற்கென்று அவனுக்கும் விளங்கவில்லை; நமக்கும் விளங்கவில்லை.

சாயங்காலம் நண்பரின் வீட்டுக்குப் போனோம். அம்மாள் திண்ணையில் உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தார். நம் மனத்தில் இருந்ததை ஊகித்தவர்போல், "நான் ஒன்றும் தடுக்கவில்லை, தம்பி. எனக்கும் நாலு ஊர் பார்க்க ஆசைதான்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அங்கே வாடகை என்ன என்று இவர் எழுதி வைத்திருக்கிறார். திரும்பி வந்தால் இங்கே எந்த வீட்டில் இறங்குவது என்று எழுதியிருக்கிறாரா, பாருங்கள்" என்றார்.

நண்பர் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். வீட்டுக்கு விலை பேசியவனுக்கு ஆள் அனுப்பி, இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிட்டதாகத் தெரிவித்தார். ஓய்வு பெற்றதும் ஆனியிலேயே பொக்காராவுக்குக் கிளம்புவதாக இருந்த ஏற்பாட்டை, அங்கே மழை கொட்டுகிற காலம் அது என்று நாம் சொன்னதன்பேரில் ஐப்பசிக்குத் தள்ளி வைத்தார். மூன்று மாதம் வாடகைக்கு இருந்து பார்ப்பது. பிடித்தால் அடுத்த வருஷமும் போவது. உபகாரச் சம்பளக்காரர் உயிரோடிருப்பதாக வருஷத்துக்கு ஒரு தரம் அத்தாட்சி கொடுக்க வேண்டுமே, அதைப் புறப்படுமுன் முடித்துவிட வேண்டும். வீட்டுச் சாவி நம்மிடம் இருக்கும். பின்கட்டு முல்லைக் கொடிக்கு யார் தண்ணீர் விடுவது என்ற பிரச்னை மட்டும் தீரவில்லை.

புறப்படும்போது நண்பர் தயங்கித் தயங்கி நோட்டை மறுபடியும் நீட்டினார். கடைசிப் பக்கத்தில் அன்று மத்தியானம் எழுதிய புதுத் தலைப்பு ஒன்று இருந்தது: "கெடா, பத்து நாள்." இந்தியர் முப்பது நாள் வரையில் விஸா இல்லாமல் வந்து போகலாமென்று 2023 டிசம்பரில் மலேசிய சர்க்கார் செய்த சலுகையை ஓரத்தில் குறித்திருந்தார். கீழே விமானச் சத்தம், தங்கும் விடுதி, பூஜாங் பள்ளத்தாக்குக்கு வாடகைக் கார். அந்தப் பள்ளத்தாக்கில் பழைய கோயில்களின் அஸ்திவாரங்களை மண்ணிலிருந்து தோண்டியெடுத்து வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு காட்சிசாலையும் இருக்கிறது. தொகையைக் கூட்டாமல் இடம் விட்டிருந்தார்.

நாம் திண்ணையிலேயே உட்கார்ந்து பேனாவை எடுத்தோம்.